நெருங்கிய நண்பனையே கல்யாணம் செய்துகொண்டால் 'ஓ மை கடவுளே' படம்போல ஆகிவிடுமா?

நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். 'ஓ மை கடவுளே' பார்த்தேன், நெருங்கிய நண்பனையே கல்யாணம் செய்துகொள்ளும் யோசனை இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் என்று. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வயது 26, 27 இருக்கும். வீட்டில் ஜாதகத்தை வெளியே கொடுத்திருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் காபித் தட்டோடு போய் நிற்பதை நினைத்தாலே வயிற்றைப் பிசையும். அப்போதுதான் அவன் முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. 2015 ஜனவரியில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் வைத்து நானே கேட்டேன். பி.காம். முதல் வருடத்திலிருந்து எட்டு வருடப் பழக்கம். "வர்ற ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வர்றாங்கடா. பேசாம நீயே என்னைக் கட்டிக்கோயேன்" என்றேன். அவன் வாயிலிருந்து ஸ்ட்ராவை எடுக்கவே இல்லை. சாத்துக்குடி ஜூஸ் தீர்ந்து, அடியில் ஐஸ் கரகரவென்று சத்தம் போடும்வரை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். பிறகு, "ரெண்டு நாள் டைம் குடு" என்றான். அந்த ஆவணியில் கல்யாணம் ஆயிற்று.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களும் படிப்பார்கள். 2020 பிப்ரவரி 14 அன்று வந்தது. அஷ்வத் மாரிமுத்து இயக்கிய முதல் படம். சிறு வயதிலிருந்தே சிநேகிதியாக இருக்கும் அனு (ரித்திகா சிங்) ஒருநாள் "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா" என்று கேட்கிறாள். அர்ஜுன் (அசோக் செல்வன்) பெரிதாக யோசிக்காமல் சரி என்றுவிடுகிறான். கொஞ்ச நாளிலேயே விவாகரத்துக்கு நீதிமன்றம் போய் நிற்கிறார்கள். அங்கே விஜய் சேதுபதி கடவுளாக வந்து அவன் கையில் ஒரு தங்கச் சீட்டைக் கொடுக்கிறார். அனு கேட்ட அதே நிமிடத்துக்கு அவன் திரும்பிப் போகிறான். இந்தத் தடவை முடியாது என்கிறான். வேறு வாழ்க்கை, வேறு பெண் என்று போய்ப் பார்த்த பிறகுதான் அனு யார் என்பதே அவனுக்குத் தெரியவருகிறது.

தமிழில் சிநேகிதம் காதலாகும் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. 'பிரியாத வரம் வேண்டும்' 2001இல் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அழுதுகொண்டே பார்த்தேன். பிரசாந்தும் ஷாலினியும் ஒருவர் மனசை ஒருவர் புரிந்துகொள்வதோடு அந்தக் கதை முடிந்துவிடும். அதற்கப்புறம் வீட்டு வாடகை யார் கொடுப்பது, யாருடைய அம்மாவுக்கு முதலில் மருந்து வாங்குவது என்பதெல்லாம் படத்தில் கிடையாது. 'ஓ மை கடவுளே' எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், மற்ற படங்கள் முடியும் இடத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அது காட்டியதுதான்.

இனி என் கதை. 'இவள் சொந்தப் பிரச்சினையைக் கொட்ட இடம் தேடுகிறாள்' என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு 2015இல் இதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

கல்லூரிக் காலத்தில் மலைக்கோட்டைப் பக்கம் இருந்த அவன் வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். எட்டு வருடமும் அவன் அம்மாவின் எதிரில்தான் அவனை "டேய்" என்றும் "வாடா, போடா" என்றும் கூப்பிட்டேன். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கல்யாணமான நான்காம் நாள் காலையில், சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இனிமே அவனை வாடா போடான்னு கூப்பிடாதம்மா. நாலு பேரு வந்து போற வீடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த மரியாதை அது.

நானும் சரி என்றேன். அவர் இருக்கும்போது "என்னங்க", அறைக்குள் வந்தால் "டேய்" என்று வைத்துக்கொண்டோம். முதலில் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக இருந்தது. இரண்டு மாதத்தில் அறைக்குள்ளும் "டேய்" வரவில்லை. "என்னங்க" என்று கூப்பிட்ட வாயால் அவனிடம் என்ன பேச முடியும் என்கிறீர்கள்? கரண்ட் பில் கட்டியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா, ஊருக்கு எப்போது போகிறோம், இவ்வளவுதான். அவனும் "அடியே" என்பதை விட்டுவிட்டு "ஏம்மா" என்று ஆரம்பித்தான். எட்டு வருடமாக என் ஆபீஸ் சண்டை, அப்பாவின் சர்க்கரை, என் தங்கை காதலித்த பையன் எல்லாவற்றையும் கேட்ட மனுஷன், கல்யாணத்துக்கு அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்கு டிவியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பான். நானும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனைப் பற்றித்தான் எல்லாம் தெரியுமே, கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த வருடம் அவனுக்கு வேலையில் சம்பளம் மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. நண்பனாக இருந்தபோது என்றால் முதல் நாளே எனக்குச் சொல்லியிருப்பான். மனைவியான பிறகு மறைத்தான். தன் நகையை அடகு வைத்து அத்தைதான் சமாளித்திருக்கிறார். அது எனக்கு ஐந்தாம் மாதம்தான் தெரியவந்தது.

அன்றைக்கு வந்த கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வேன்? இந்த இடத்தை மட்டும் நீங்கள் நின்று படிக்க வேண்டும். வேறு யாரைக் கட்டியிருந்தாலும், புருஷன் மேல் கோபம் வந்தால் நான் முதலில் கூப்பிட்டிருக்கக்கூடிய ஆள் இவன்தான். இவனையே கட்டிக்கொண்டதில் எனக்குப் புருஷன் கிடைத்தான், புகார் சொல்ல இருந்த ஒரே ஆள் போய்விட்டான். அம்மாவிடம் சொன்னால் "நீயா தேடிக்கிட்டதுதானே" என்பார். கல்லூரித் தோழிகளுக்கோ நாங்கள் இருவரும் ஊர் மெச்சும் ஜோடி.

பதினான்காம் மாதம் நான் ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன், வீட்டில் யாருக்கும் தெரியாமல். இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு இன்னொரு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். (அந்த ஆறு மாதத்தை வேண்டுமானால் நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017இல். நான் போனது 2016 அக்டோபரில்.) பிறகு அவர் பேனாவை மூடிவிட்டு, "அடிக்கிறாராம்மா? குடியா? வேற பொண்ணா?" என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப என்னதான் பண்றார்?" "பேச மாட்டேங்கறாங்க" என்றேன். சொல்லும்போதே நான் "பேச மாட்டேங்கறான்" என்று சொல்லவில்லை என்பது என் காதில் விழுந்தது.

அன்று ராத்திரி ஒன்று நடந்தது. நம்ப முடியாது என்பவர்கள் நம்ப வேண்டாம். நான் படுக்கையறையில் இருந்தேன், அவன் கூடத்தில். அழுகையாக வந்தது. யாரிடமாவது பேச வேண்டும் என்று போனை எடுத்து, பழைய பழக்கத்தில் விரல் தானாகப் போய் 'மலைக்கோட்டை' என்ற பெயரை அழுத்திவிட்டது. எங்கள் வகுப்பில் அவன் பெயரில் இருவர் இருந்தார்கள், அதனால் முதல் வருடம் அப்படிப் பதிந்து வைத்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் மாற்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கும் சத்தம் கேட்டது. நான்கைந்து தடவை அடித்தது. அவன் எழுந்து வந்து கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை, போனை எடுத்தான். சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் பழைய குரலில், "சொல்லுடி, என்ன ஆச்சு?" என்றான்.

நான் சொன்னேன். என் புருஷன் சம்பளம் வராததை என்னிடம் மறைத்துவிட்டான்டா என்றேன். என்னை வேற்றாளாக நடத்துகிறான்டா என்றேன். அவன் குறுக்கே பேசவே இல்லை. முக்கால் மணி நேரம் கேட்டான். கடைசியில், "அவன் பண்ணினது தப்புதான்டி. உன்கிட்ட சொன்னா நீ அவனைக் கட்டிக்கிட்டதுக்கு வருத்தப்படுவியோன்னு பயந்திருப்பான்" என்றான். சுவர் வழியாக ஒரு தடவையும் போன் வழியாக ஒரு தடவையும் அதே குரல் எனக்குக் கேட்டது.

அதனால் எல்லாம் அன்றே சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பணக் கஷ்டம் இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஆனால் அந்த வக்கீல் அம்மாவிடம் நான் திரும்பப் போகவில்லை.

படத்தை நாங்கள் வெளியான இரண்டாவது வாரம் தியேட்டரிலேயே பார்த்தோம். அடுத்த மாதமே கொரோனாவில் தியேட்டர்களை மூடிவிட்டார்கள். நீதிமன்றக் காட்சி வந்தபோது அவனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வக்கீலைப் பார்த்ததை அதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. இடைவேளையில் சொன்னேன். கையில் பாப்கார்னோடு கேட்டுக்கொண்டிருந்தவன், "ஃபீஸ் எவ்வளவு குடுத்தே?" என்று மட்டும் கேட்டான். ஐந்நூறு என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. படம் முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான், "அப்பவே சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்டி. தனியாவா போனே" என்றான்.

படத்தைக் கொண்டாடுபவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், ஒரு குறை இருக்கிறது. தங்கச் சீட்டு அர்ஜுனுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. அவன் திரும்பிப் போய் அனுவை அறிந்துகொள்கிறான், சரி. அனுவுக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்? அவளும்தானே தப்பான ஆளைக் கேட்டுவிட்டோமோ என்று ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பாள்? முதல் பாதியில் அவளைச் சந்தேகப்படுகிறவளாகக் காட்டுகிறார்கள். உற்ற நண்பன் பேசுவதை நிறுத்திவிட்டால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம்தான் வரும். தெலுங்கில் 'ஓரி தேவுடா' என்று அதே இயக்குநர் எடுத்தார், வெங்கடேஷ் கடவுளாக வந்தார். கன்னடத்தில் புனித் ராஜ்குமார் அந்த வேடத்தில் நடித்தார், அவர் இறந்த பிறகு 2022இல் படம் வந்தது. எந்த மொழியிலும் சீட்டு ஆம்பிளைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும். அனுவின் அப்பாவாக வரும் எம்.எஸ்.பாஸ்கருக்கு டாய்லெட் செய்யும் தொழிற்சாலை. மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. தியேட்டரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா 31 வருடம் சானிட்டரி சாமான் கடையில் நின்றவர். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர், "கக்கூஸ் கடைக்காரர் வீட்டுச் சம்பந்தமா" என்று பந்தியில் கேட்டார். அப்பா பரிமாறிக்கொண்டிருந்தார், காதில் விழுந்தது, அந்த உறவுக்காரர் இலைக்கும் பாயசம் ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கணக்குப் பார்க்க மில், குடோன் என்று ஊர் ஊராகப் போவேன். பாதி இடத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்காது. இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் வராது. தொழிற்சாலையில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஊசி போட்டுக்கொண்டேன். அந்த சாமானை விற்றுத்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். படத்தின் பின்பாதியில் அந்த மாமனாரை அர்ஜுன் மரியாதையோடு பார்க்க ஆரம்பிக்கும்போது நான் அழுதேன். என் பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் ஏன் என்று தெரிந்தது.

'உனக்கு நல்லவன் அமைந்தான், எல்லோருக்கும் அப்படி அமையுமா' என்பீர்கள். எல்லோரும் நண்பனைக் கட்டுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. என் தோழி ஒருத்தி இதேபோலக் கட்டி, பிரிந்து, இப்போது நிம்மதியாக இருக்கிறாள். அவளுக்கு அதுதான் சரி.

நீங்கள் கேட்பதாக இருந்தால், கூப்பிடும் பேரை மட்டும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதீர்கள். அத்தையிடம் நான் 2017இல் உட்கார்ந்து பேசினேன். "எனக்கு அவன்கிட்ட 'டேய்'னு சொன்னாத்தான் உண்மை வருது அத்தை" என்றேன். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "விசேஷ வீட்டுல மட்டும் கூப்பிடாத" என்றார். அதை இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

அவன் உடனே சரி என்று சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், இரண்டு நாள் கொடுங்கள். அந்த இரண்டு நாளில் என்ன யோசித்தாய் என்று நான் என்னவனைக் கேட்டது கல்யாணமாகி நாலரை வருடம் கழித்து, அந்தப் படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான். "நாம கட்டிக்கிட்டு, அப்புறம் உனக்கும் எனக்கும் சண்டை வந்தா, நீ யார்கிட்டடி போய்ச் சொல்லுவேன்னுதான் யோசிச்சேன்" என்றான்.