முதுகு வழியா, பக்கவாட்டிலா: ஆத்தாவின் முதுகெலும்பு ஆபரேஷன்

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். ஆத்தாவுக்கு 66 வயது. இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது (எல்4) எலும்பு ஐந்தாவது (எல்5) மேல் முன்னால் நழுவியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் கால் மரத்து உட்கார்ந்துவிடுகிறார். மதுரை டாக்டர் முதுகு வழியாக ‘டீலிஃப்’ செய்யலாம் என்கிறார். சென்னை டாக்டர் பக்கவாட்டில் ‘ஓலிஃப்’ என்கிறார். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: இருவரும் சொல்வது அந்த இரண்டு எலும்பையும் ஒன்றாக இணைக்கும் ஆபரேஷன்தான், வழிதான் வேறு. இரண்டு டாக்டர்களிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: எலும்பை இணைக்கத்தான் வேண்டுமா? நடந்தால் மரத்து, உட்கார்ந்தால் தெளிவது பெரும்பாலும் நரம்புப் பாதை குறுகியதன் அடையாளம். அந்த நெருக்கத்தை மட்டும் எடுத்துவிட்டாலே பலர் நன்றாக நடக்கிறார்கள். 2016-ல் வெளியான, 247 பேரைச் சேர்த்த ஸ்வீடன் ஆய்வில், எலும்பையும் சேர்த்து இணைத்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. எலும்பு நழுவியவர்களை மட்டும் வைத்து நார்வேயில் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. அதே 2016-ல் வந்த அமெரிக்க ஆய்வு இணைப்புக்குச் சற்றுச் சாதகம். ஆனால் அதில் 66 பேர்தான்.

குனிந்தும் நிமிர்ந்தும் நின்றபடி எக்ஸ்ரே எடுத்தார்களா? எம்.ஆர்.ஐ. படுக்கவைத்து எடுப்பது, எலும்பு ஆடுவது அதில் தெரியாமல் போகலாம். நன்றாக ஆடினாலோ, கால்வலியைவிட முதுகுவலி மிஞ்சி நின்றாலோ, இணைப்புக்கு நியாயம் உண்டு.

இணைப்பதென்றால், நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்த வாசலில் நுழைந்தாலும் சேருமிடம் இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு, ‘கேஜ்’ என்ற சிறு கூட்டை எலும்புத் துகளோடு வைத்து, ஸ்க்ரூ போடுகிறார்கள். போகிற வழியில் எதைத் தாண்டுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

டீலிஃப் பின்வாசல். ஒரு பக்க மூட்டை எடுத்துவிட்டு நுழைவதால் நரம்பை நேரே பார்த்து விடுவிக்கலாம். முதுகுத் தசை அடிபடும்; நரம்பின் உறை கிழியும் ஆபத்து சிறிதளவு உண்டு. சிறு துளை வழியாகச் செய்தால் ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் ஓரிரு வருடம் கழித்துப் பார்த்தால் சிறு துளைக்கும் பெரிதாகத் திறந்து செய்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஓலிஃப் பக்கவாசல். பெரிய கேஜ் வைக்கலாம், முதுகுத் தசை பெரும்பாலும் தப்பிக்கும். நரம்பு நெருக்கம் மறைமுகமாகத்தான் தளரும். எலும்பு முளைத்துப் பாதை மிகவும் அடைத்திருந்தால் அது போதாது. பெரிய ரத்தக்குழாய்கள் பக்கத்திலேயே ஓடுகின்றன. தொடை சில வாரம் மரத்திருக்கலாம். ஸ்க்ரூ போட முதுகுப் பக்கமும் திருப்ப வேண்டிவரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று வழியான ‘ஏலிஃப்’ பெரும்பாலும் அதற்கும் கீழே உள்ள எல்5–எஸ்1 இணைப்புக்கு. உங்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

என்னைக் கேட்டால், அந்த டாக்டர் எதை அடிக்கடி செய்கிறாரோ அதற்கே என் ஓட்டு.

ஆத்தா வெற்றிலையோடு புகையிலை போடுவாரா? நிக்கோடின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். சில வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். எலும்பு அடர்த்தி சோதனையும் எடுத்துவிடுங்கள். பொத்தலான எலும்பில் ஸ்க்ரூ தளரும், கேஜ் அமிழும். எலும்பு ஒன்றுசேர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதுவரை குனிந்து கோலம் போடுவதும் தரையில் உட்காருவதும் டாக்டர் சொன்ன பிறகுதான். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் தனியே நடக்க விடாதீர்கள்.

இதற்கிடையில் சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, எந்த வழி என்ற யோசனையை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.