ஆறு வாரமாக வெயிட் தூக்குகிறேன், எடை குறையவே இல்லை. விட்டுவிட்டு ட்ரெட்மில் ஓடலாமா?

கேள்வி: வயது 34, ஆண். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஜிம்மில் சேர்ந்து ஆறு வாரம். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போடுகிறேன், ஆனால் எடை அதே 84. காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம், சாம்பார், பொரியல், இரவு மூன்று தோசை. முட்டை வாரம் இரண்டு நாள். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போகிறேன். வெயிட்டை விட்டுவிட்டு ட்ரெட்மில் மட்டும் ஓடலாமா? சாப்பாட்டை இன்னும் குறைக்க வேண்டுமா?

பதில்:

வெயிட்டை விடாதீர்கள். பெல்ட் ஓட்டையைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. இடுப்பு சுருங்கி எடை மட்டும் நிற்கிறது என்றால் கொழுப்பு கரைந்துகொண்டிருக்கிறது, அந்த எடைக்குத் தசையும் தண்ணீரும் ஈடு கொடுக்கின்றன. புதிதாக வெயிட் எடுப்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் இது சகஜம். பழக்கமில்லாத வேலையைச் செய்யும் தசை, கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். எடை மெஷினுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. மொத்தமாக ஒரே எண்ணைத்தான் காட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு 43 வயது. கோவையில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. 2016-இல் 74 கிலோ இருந்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி வெறும் பழம் என்று மூன்று மாதம் கிடந்து 63-க்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது கேஸ் சிலிண்டர். கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ வரும். வாசலில் இறக்கிவிட்டுப் போனால் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து சமையலறைப் படியில் நானே ஏற்றிவிடுவேன், பல வருஷப் பழக்கம். அன்றைக்கு அந்த ஒற்றைப் படியில் ஏற்ற முடியவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். இளைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் தசையைத் தொலைத்திருந்தேன். ஒரே வருஷத்தில் 76-க்குப் போய்விட்டேன், திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்புதான்.

அதனால் எடை குறைவதும் கொழுப்பு குறைவதும் வேறு வேறு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) ஒன்றுதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பின் பிரச்சினை இதுதான்: கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் தனி, சர்க்கரை நாற்பது வயதிலேயே எட்டிப் பார்க்கும். இப்படிப்பட்ட உடம்பில் இருக்கிற கொஞ்சத் தசையையும் பட்டினி போட்டுக் கரைத்தால் கடைசியில் என்ன மிஞ்சும்?

இனி உங்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன். அளவை இன்னும் குறைக்க வேண்டாம், தட்டில் இருப்பதை மாற்றுங்கள். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு இட்லியில் 2 கிராம் புரதம், தோசையில் 3 என்று வைத்து, சாம்பார், சாதம், பொரியல், கொஞ்சம் தயிர் எல்லாம் சேர்த்தாலும் நாளைக்கு 40 கிராம் சுமாருக்குத்தான் வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவே கிலோவுக்கு 0.83 கிராம், அதுவும் சாதாரணமாக இருப்பவர்களுக்கு. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வெயிட்டும் தூக்குகிறவருக்கு அதுபோல இரண்டு மடங்கு வேண்டும். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், தசை வளர்ச்சிக்குப் புரதம் கூடுதலாக உதவுவது கிலோவுக்கு 1.6 கிராம் அளவு வரைதான் என்று கண்டார்கள். கொழுப்புக்குச் சோறு போடத் தேவையில்லை என்பதால் நீங்கள் போய்ச் சேர நினைக்கும் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 70 கிலோ என்றால் நாளைக்கு 110 கிராம்.

110 கிராம் என்றதும் மலைக்க வேண்டாம். காலையில் இட்லியை மூன்றாக்கி மூன்று அவித்த முட்டை சேர்த்தால் சாம்பாரோடு 27 வந்துவிடும். மதியம் சாதத்தை ஒன்றரைக் கப்பில் நிறுத்திவிட்டுப் பருப்பைக் கூட்டுங்கள். எங்கள் பக்கம் கொள்ளுப் பருப்பு கடைவோம், 50 கிராம் கொள்ளில் 11 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கிண்ணம் தயிரும் பொரியலும் சேர்த்தால் மதியக் கணக்கு 23. சாயங்காலம் ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் 8. ராத்திரி தோசை இரண்டு, கூடவே 150 கிராம் கோழிக்கறி, அது மட்டும் 33. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். நூற்றைத் தாண்டிவிட்டீர்கள். மீன் கிடைக்கும் ஊரென்றால் மத்தியும் நெத்திலியும் இன்னும் மலிவு. சைவம் என்றால் 50 கிராம் மீல் மேக்கரில் 26 கிராம் இருக்கிறது, பனீர் 100 கிராமில் 18. இவ்வளவும் செய்த பிறகும் குறைகிற நாளில் ஒரு ஸ்கூப் வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் சமையலறையைச் சரிசெய்யாமல் முதலில் டப்பா வாங்காதீர்கள்.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பதை நம்பிக் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. புரதமும் நாரும் இருப்பதால் வயிறு நிறைந்து அடுத்த வேளைக்குப் பசி தள்ளிப்போகும், அதுதான் அதன் பலன். பருப்பாகச் சாப்பிட்டால் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும், தண்ணீரை மட்டும் வடித்தால் கொள்ளு சட்டியிலேயே தங்கிவிடும். சிறுதானியமும் அப்படித்தான். எடைக்கு எடை கம்பிலும் தினையிலும் அரிசி அளவுக்கே கலோரி இருக்கிறது, அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் ஏறும்.

உங்கள் வீட்டில் நான் நேராகப் போய்ப் பார்க்க விரும்புவது எண்ணெய்ப் பாத்திரத்தைத்தான். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினோம். ஒருநாள் ஆபீஸ் கணக்கு மாதிரி உட்கார்ந்து போட்டேன். 5 லிட்டர் என்பது நாலரைக் கிலோ, கிராமுக்கு 9 கலோரி. நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் தலைக்கு நாளைக்கு 340 கலோரி, வெறும் எண்ணெயிலிருந்து. அன்றைக்கே தூக்கில் இருந்த குழிக்கரண்டியை எடுத்துவிட்டு ஒரு டீஸ்பூனைப் போட்டேன். தோசையைச் சுற்றி நான் கண்ணளவாக ஊற்றியது இரண்டு டீஸ்பூன், அதாவது 80 கலோரி. மூன்று தோசைக்கு 240. இப்போது தோசைக்கு அரை டீஸ்பூன், கல்லை வெங்காயத்தால் தேய்த்துக்கொள்கிறேன், முறுகலில் குறையே இல்லை. மாதம் 3 லிட்டரில் நின்றுவிட்டது. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை.

உங்கள் வயதுக்கும் எடைக்கும், உட்கார்ந்த வேலைதான் என்றால், நாளைக்கு ஏறத்தாழ 2,400 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 1,900 சாப்பிட்டால் போதும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, ஆகவே வாரம் அரைக் கிலோ போவது நல்ல வேகம். அதைவிட வேகமாகப் போக வைக்கிறேன் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பயிற்சியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பைசெப்ஸ் என்று ஒரு நாளைக்கு ஒரு பாகமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு, அது போதும். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்துக்கொண்டு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ, தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், மேலிருந்து கீழே இழுக்கும் லேட் புல்டவுன். இந்த ஆறில் நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. கடைசி ஒன்றிரண்டு நிஜமாகவே கஷ்டமாக இருக்க வேண்டும். இருபது முறை பேசிக்கொண்டே தூக்க முடிகிற வெயிட் தசையை ஒன்றும் கேட்காது. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த தடவை இரண்டரைக் கிலோ ஏற்றுங்கள். ஒரு ஐம்பது பக்க நோட்டு வாங்கித் தேதி, வெயிட், எத்தனை முறை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எடை மெஷினைவிட அந்த நோட்டு உங்களுக்கு உண்மை சொல்லும்.

நான் முதல் நாள் ஸ்குவாட் செய்தது கம்பிகூட இல்லாமல். மாஸ்டர் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, “அக்கா, உக்கார்ற மாதிரி போங்க, ஸ்டூல் தொட்டதும் எந்திரிங்க” என்றார். முட்டி மடங்குவதற்கு முன் இடுப்பு பின்னால் போக வேண்டும், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு வாரம் கழித்துத்தான் 20 கிலோ வெறும் பார் தோளுக்கு வந்தது. டெட்லிஃப்ட்டிலும் அவசரம் வேண்டாம். கம்பி முழங்காலுக்குக் கீழே காலை உரசிக்கொண்டே ஏற வேண்டும், முதுகு வளையாமல் பலகை மாதிரி இருக்க வேண்டும். முதுகு வளைகிற நிமிஷமே கம்பியைக் கீழே வைத்துவிடுங்கள், இரண்டு தட்டைக் கழற்றுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு தூக்குகிறார் என்பது உங்களுக்கு வேண்டாத சங்கதி.

எங்கள் அத்தை ஆரம்பத்தில், “ஏங்கண்ணு, பொம்பளைப் புள்ள இரும்பத் தூக்கலாமா? கை கால் ஆம்பளையாட்ட ஆயிராதா?” என்று கேட்டார். இதைப் படிக்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன்: ஆண்களுக்குள்ள டெஸ்டோஸ்டிரோனில் சின்னப் பங்குதான் நமக்கு இருக்கிறது, அப்படியெல்லாம் ஆகாது. 2019-இலிருந்து தூக்குகிறேன். 76 கிலோ 66 ஆக பதினாலு மாதம் பிடித்தது, இடுப்பு 96 செ.மீ. இருந்தது 80-க்கு வந்தது. முடி கொட்டவில்லை. இப்போது அத்தைக்கும் வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சிலிண்டரையும் நானேதான் ஏற்றுகிறேன்.

ட்ரெட்மில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நடையை விடாதீர்கள், இதயத்துக்கு நல்லது, சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் அரை மணி வேக நடையில் உங்கள் எடைக்குப் போவது 150 கலோரி சொச்சம், எண்ணெய் தாராளமாக விட்ட ஒரு தோசையில் அது திரும்பிவிடும். நடை வெயிட்டுக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்துக் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம், மீதிப் பேருக்கு 1.2. எடை மெஷினில் இரு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே இறக்கம்தான். ஆனால் புரதம் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ கொழுப்பில்லா எடையைச் சேர்த்திருந்தார்கள். மற்றவர்கள் இழந்த கொழுப்பு 3.5 கிலோ, சேர்த்தது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது தூக்கம். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு ஜிம் என்றால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010-இல் பத்துப் பேருக்கு ஒரே அளவு உணவுக் கட்டுப்பாட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டு முறையும் எடை சுமார் 3 கிலோ இறங்கியது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதி தசை முதலானவை. ஜிம்மைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா பாருங்கள். முடியாது என்றால் போனை ஹாலில் வைத்துவிட்டுப் பதினொன்றுக்குப் படுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் சாதத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தப் புரத அளவைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சை விட வேண்டும்.

நாளைக் காலையில் வெறும் வயிற்றில், வயிற்றை எக்காமல், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.-க்குக் கீழே வர வேண்டும். எடையும் பார்க்கலாம், ஆனால் வாரத்தில் மூன்று நாள் பார்த்துச் சராசரியை மட்டும் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து டேப்பும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை என்றால் ராத்திரி தோசையில் ஒன்றைக் குறையுங்கள். முட்டையைத் தொடாதீர்கள். அப்போது உங்கள் அளவுகளை இங்கே கீழே எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.