காற்றோடு மல்லுக்கட்டும் கார்

சென்ற இதழில், "எஞ்சினைக் குறை சொல்லும் முன் காற்றைக் கவனியுங்கள்" என்று மைலேஜ் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை காற்று பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. நான்குவழிச் சாலையில் 20 தரும் என்றார்கள், 16.5-ஐத் தாண்டவில்லை. எஞ்சினில் கோளாறு இல்லையாம். மகள் திருமணத்துக்குச் சாமான் ஏற்றக் கூரையில் கேரியர் மாட்டினேன், அது அப்படியே இருக்கிறது. வழக்கமாக 110-இல் போவேன். — திண்டுக்கல் வாசகர்

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளிலேயே பதில் இருக்கிறது ஐயா.

உங்களுடையதைப் போன்ற சிறிய காரை மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமம். டயர்கள் உருளும்போது ஏற்படும் தடையும் அதே அளவுதான், 13 கிலோ. வேகம் 100 ஆனால் டயர்த் தடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். காற்றின் தடையோ 33 கிலோவைத் தொடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காக, அது ஏறும் என்பதுதான் காரணம். நீங்கள் 110-லிருந்து 90-க்கு இறங்கினால் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு பைசா செலவில்லை.

இனி கேரியர். கூரையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற காற்றின் குறுக்கே இரும்புக் குழாய்களை நட்டு வைத்திருக்கிறீர்கள். உருண்டைக் குழாயைத் தாண்டிய காற்று பின்னால் சுழன்று சிதறுகிறது. எண்பதைத் தாண்டியதும் தலைக்கு மேல் 'ஊம்ம்' என்று ஓர் ஓசை கேட்கிறதல்லவா? அது இந்தச் சுழலின் குரல். நீங்கள் பெட்ரோல் போட்டு வாங்கும் ஓசை அது. கூரையில் பெரிய மொட்டையான சாமான் பெட்டி வைத்த கார்களுக்கு அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் ஒரு கணக்குத் தருகிறது: ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம் இழப்பு, மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் 10 முதல் 25 சதவீதம். காலிக் கேரியர் அவ்வளவு தின்னாது. ஆனால் தின்னும். என் காரிலேயே பார்த்தேன். கோவையிலிருந்து சேலத்துக்குக் கேரியரோடு மூன்று முறை, கழற்றிவிட்டு மூன்று முறை, அதே 90 வேகத்தில் போய் வந்தேன். 17.4 தந்த கார் 18.9 தந்தது. கழற்ற எட்டு போல்ட், இருபது நிமிடம். அவ்வளவுதான் வேலை. போல்ட் இருந்த துளைகளுக்கு ரப்பர் மூடி போட மறக்காதீர்கள். மழைநீர் இறங்கினால் கூரைத் துணி நாசமாகும்.

சர்வீஸுக்கு விட்டு எடுத்த பிறகு எஞ்சினுக்கு அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் காணவில்லை. கேட்டால், "சேறு தெறிக்காமல் இருக்கத்தான் அது, தேவையில்லை" என்கிறார்கள். உண்மையா? — விருதுநகர் வாசகி

உண்மையில்லை அம்மா. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது. முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் வரும் கார்களில் எத்தனையோ கார்களுக்கு இந்தத் தட்டு இருப்பதில்லை. ஆயில் மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு கிளிப்புகளைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். இரண்டு உடையும். அடுத்த முறை நான்கு உடையும். பிறகு கட்டுக்கம்பி போட்டுக் கட்டுவார்கள், வேகத்தடையில் உரசித் தொங்கும், ஒரு நாள் பிய்த்து மூலையில் எறிந்துவிடுவார்கள்.

லிப்ட்டில் காரை ஏற்றும்போது ஒரு தடவை அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே தெரியும் உடம்பெல்லாம் வழவழப்பு; அடியிலோ ஆயில் சட்டி, கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய், சஸ்பென்ஷன் கைகள் என்று மேடும் பள்ளமும். அந்த ஒவ்வொரு முனையிலும் காற்று முட்டி நிற்கிறது. முன்பகுதியையாவது மூடி, காற்றை நேராகப் பின்னால் அனுப்பத்தான் அந்தத் தட்டு. சில கார்களில் ரேடியேட்டர் வழியாக வந்த சூடான காற்று ஒழுங்காக வெளியேறவும் அது வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். முன் டயர்களுக்குச் சற்று முன்னால், பம்பரின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் நாக்கு தொங்கும். சக்கரங்களும் டயர்களும் மட்டுமே காரின் காற்றுத் தடையில் ஏறத்தாழ கால் பங்குக்குப் பொறுப்பு. சுழலும் டயரில் காற்று நேராக மோதாமல் விலக்கிவிடுவது அந்த நாக்குதான். தரையில் உரசுகிறது என்று அதை அறுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் காரில் இருந்தால் அப்படியே விடுங்கள்.

உங்கள் தட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள். உடைந்திருந்தால் பழைய உதிரிபாகக் கடையில் உங்கள் மாடலுக்கு உரியது கிடைக்கும். கிளிப்புகளைப் பாக்கெட்டாகவே விற்கிறார்கள்; ஒரு பாக்கெட் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸில் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

குளிர் நாடுகளில் முன்பக்க கிரில்லை அட்டையால் மூடி மைலேஜ் கூட்டுகிறார்களாமே, நானும் செய்யலாமா? — வேலூர் வாசகர்

வேண்டாம். கனடாவின் பனிக்காலத்தில் செய்வதை மே மாத வேலூரில் செய்யக் கூடாது. சில புதிய கார்களில் கிரில்லுக்குள்ளேயே திறந்து மூடும் பலகைகள் உண்டு. சூடு ஏறினால் அவை தாமாகவே திறந்துகொள்ளும். அட்டை திறக்காது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர் இருக்கிறது; அதற்குக் காற்று குறைந்தால் ஏசி கூடுதலாக உழைத்து, மிச்சப்பட்ட பெட்ரோலைத் திரும்பத் தின்றுவிடும். அட்டை சொருகிய வாடகைக் கார் ஒன்று பெருந்துறையிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டு என் பட்டறைக்கு வந்தது. எஞ்சின் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைத்து நிற்கும் ஹெட் காஸ்கெட் போயிருந்தது.

கூரையின் பின்விளிம்பில் ஒட்டும் சுறாத் துடுப்பு போன்ற சிறு துண்டுகள் மைலேஜைக் கூட்டுமா? கூடவே ஸ்பாய்லரும், முன் பம்பருக்கு வெளியே மாட்டும் இரும்புக் கம்பியான கிராஷ் கார்டும் போட நினைக்கிறேன். — தஞ்சாவூர் கல்லூரி மாணவர்

தம்பி, அந்தத் துண்டுகள் பொய்யல்ல. மிட்சுபிஷி நிறுவனம் தன் லான்சர் எவல்யூஷன் காருக்காக அவற்றைச் சோதித்தது. காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணான காற்றுத் தடைக் குணகம் 0.006 குறைந்தது. 0.3 குணகம் உள்ள காரில் அது வெறும் 2 சதவீதம். பெட்ரோல் கணக்கில் அதற்கும் கீழே. அதுவும் பின்கண்ணாடி சரிவாக இறங்கும் செடான் காரில், காற்று கூரையை விட்டுப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், அளந்து வைத்தபோது கிடைத்த பலன். உன் ஹேட்ச்பேக்கில் கூரை முடியும் இடத்தில் காற்று எப்படியும் பிரிந்துதான் ஆகும். கண்ணளவில் ஒட்டினால் பயனில்லை.

கூரையை நீட்டினாற்போல் தொழிற்சாலையிலேயே வரும் சிறிய ஸ்பாய்லர் நல்லது. டிக்கியின் மேல் நிமிர்ந்து நிற்கும் இறக்கை காரைத் தரையோடு அழுத்துவதற்கானது, தடையைக் கூட்டும். கிராஷ் கார்டை மறந்துவிடு. பெட்ரோல் இருக்கட்டும், மோதினால் விசையை நேராகக் காரின் உடற்சட்டகத்துக்குக் கடத்தி, ஏர்பேக் வேலை செய்வதையும் அது கெடுக்கும். நடந்து போகிறவரைக் கொன்றுவிடும். அதைப் பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வாரந்தோறும் காரில் போகிறேன். போகும்போது லிட்டருக்கு 21 காட்டுகிறது, திரும்பும்போது 16. ஜூன் மாதத்திலிருந்து இப்படி. கார் பழுதா? — நாகர்கோவில் ஆசிரியை

இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. கார் பழுதில்லை டீச்சர். நீங்கள் கடந்து போவது ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்காக நிறுத்தியிருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு இடையே அங்கேதான் நெருங்கிப் பாய்கிறது. போகும்போது அது உங்களைத் தள்ளுகிறது, வரும்போது எதிர்க்கிறது.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் 80-இல் போகிறீர்கள், காற்று 30-இல் நேர் எதிரே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் உணர்வது 110. தடை ஏறத்தாழ 1.9 மடங்கு. பின்னாலிருந்து வீசினால் உணர்வது 50 மட்டுமே. தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திரும்பும்போது 65-இல் வந்து பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம்தான் கூடும்.

எந்த மாற்றத்தையும் சோதிப்பவர்களுக்கு உங்கள் அனுபவம் பெரிய பாடம். கேரியரைக் கழற்றிவிட்டு ஒரே திசையில் ஓட்டிப் பார்த்து முடிவு சொன்னால், அது கேரியரின் கணக்கா காற்றின் கணக்கா என்று தெரியாது. அதே பங்க்கில், அதே பம்ப்பில் டேங்க்கை நிரப்பிப் புறப்பட்டு, போய்த் திரும்பி, மீண்டும் அங்கேயே நிரப்பிக் கணக்கிட வேண்டும். டயர் அழுத்தம் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் உள்ளபடி இருக்க வேண்டும்.

அக்டோபரில் காற்று தணியும். அப்போது போகவரக் கணக்கைத் தனித்தனியாகக் குறித்து எனக்கு எழுதுவீர்களா? ஜூலைக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.