பழுது நீங்கினால் பிழைப்பது யார்?

கேள்வி: டிஎன்ஏவில் பழுது சேர்வதால்தான் புற்றுநோய் வருகிறது, மைக்ரோ ஆர்என்ஏக்களைச் சீராக்கிப் பழுதுபார்க்கும் சக்தியைக் கூட்டினால் குணமாகிவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். அதற்கு மாத்திரையும் விற்கிறார்களாம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் என் அக்காவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். காணொளி பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. உங்கள் அக்காவுக்கு வேண்டியது அவர்கள் விட்டுவிட்ட மீதிப் பாதி.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறக்குறைய 22 எழுத்து (மரபுக் குறியீட்டின் அலகு) நீளமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏ துண்டு. புரதம் தயாரிக்க மரபணு அனுப்பும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு அந்தத் தயாரிப்பைக் குறைத்துவிடும். 1993-ல் ஒரு சிறு புழுவில் இதை வெளிக்கொண்டுவந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் மிர்-182 என்று ஒன்று. இரு இழைகளும் அறுந்துபோன டிஎன்ஏவைப் பிழையில்லாமல் இணைக்க உதவும் பிஆர்சிஏ1 புரதத்தை இது குறைக்கிறது. பழுது சரியாகாத செல்லில் பிறழ்வுகள், அதாவது மரபணுப் பிழைகள், குவியும். காணொளி சொன்ன பாதி இதுதான்.

ஆனால் புற்றுநோய் செல்லின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் டிஎன்ஏவை உடைத்துத்தான் அந்த செல்லைக் கொல்கின்றன. டிஎன்ஏ பழுதுபார்ப்பில் உதவும் 'பார்ப்' என்ற இன்னொரு புரதத்தைத் தடுக்கும் ஓலாபாரிப் போன்ற மருந்துகள், இரு இழை முறிவைச் சரிசெய்ய முடியாத செல்களைக் குறிவைப்பவை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் செல்களில் மிர்-182-ஐக் கூட்டியபோது இந்த வகை மருந்துக்கு அவை எளிதில் மடிந்தன. மிர்-182-ஐத் தடுத்தபோது பிஆர்சிஏ1 ஏறியது, செல்கள் மருந்தைத் தாங்கி நின்றன. அதாவது, சிகிச்சை நடக்கும்போது பழுதுபார்க்கும் சக்தியைக் கூட்டினால் கட்டியே பிழைத்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் மாத்திரை விற்பது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது.

சரி, அந்த மாத்திரையால் அதைச் செய்யத்தான் முடியுமா? விழுங்கிய ஆர்என்ஏவைக் குடல் சிதைத்துவிடும். மிர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் பொதிந்து ரத்தத்தில் செலுத்திய மருந்தின் மனிதச் சோதனையையே, நோய் எதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகி உயிரிழப்பு வரை போனதால் 2016-ல் நிறுத்தினார்கள். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல மரபணுக்களைத் தொடும். ஒன்றை மட்டும் திருத்தி மற்றவற்றைச் சும்மா விடும் வித்தை இன்னும் கைகூடவில்லை. சிக்கல் அங்கேதான்.

அக்காவின் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? பிறழ்வு இருந்தால் ஓலாபாரிப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்கும் அந்தப் பரிசோதனை தேவைப்படலாம். அப்புறம், அக்கா ஏற்கெனவே கடையில் வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரை, லேகியம் ஏதாவது இருந்தால் ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.