பதில்: செங்கோட்டை வீட்டில் கதவு நிலையைக் கறையான் அரிக்கிறது

வணக்கம் நண்பரே. மண்ணெண்ணெய் தடவியும் பத்து நாளில் மண்கோடு திரும்ப ஏறுதுன்னு எழுதியிருந்தீங்க. ஏறத்தான் செய்யும். நிலையில் இருப்பது வேலைக்காரக் கறையானும் சிப்பாய்க் கறையானும்தான். ராணி பெரும்பாலும் மண்ணுக்குள்ள இருக்கும்.

முதல்ல அந்த மண்கோடு ஒன்னைக் கொஞ்சம் உடைச்சுப் பாருங்க. சீண்டினதும் சிப்பாய்க் கறையான் தலையிலிருந்து பால் மாதிரி வெள்ளைத் திரவம் விட்டால், அது பெரும்பாலும் காப்டோடெர்மஸ்ங்கிற கறையான் வகை. ஈரம் கிடைச்சால் இது மண் தொடர்பே இல்லாமல் சுவருக்குள்ளயும் கூடு கட்டும். அதனால குளியலறைக் குழாய்க் கசிவு, கூரை ஒழுக்கு இரண்டையும் மருந்துக்கு முன்னாடியே அடைச்சிடுங்க. புளியரைப் பக்கம் எங்க வீட்டில் இதை விட்டுட்டு மருந்து மட்டும் அடிச்சோம். அடுத்த தென்மேற்குப் பருவத்திலேயே பலாமர உத்திரம் போச்சு. இன்னும் மனசு ஆறலை.

பிறகு சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து துளைக்கு ஒரு லிட்டர் இறக்கணும். பழகின ஆளை வெச்சே செய்யுங்க. முற்றத்தில் கிணறு இருக்குன்னீங்களே, அந்தப் பக்கச் சுவரில் மருந்து இறக்கவே வேண்டாம். நிலையைத் தட்டிப் பாருங்க, உள்ள காலியா இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்டால் மாத்திடுங்க.