கைப்பைக்குள் ஓர் ஊசி: பயணத் தையல் கேள்வி பதில்

வெளியே கிளம்பும்போது கூடவே எடுத்துப்போகும் எம்ப்ராய்டரி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

தாம்பரத்தில் ரயில் ஏறி சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்குகிறேன் அக்கா. தினமும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கிராஸ் ஸ்டிச் சரிவருமா?

முதலில் அது வேண்டாம். பெருக்கல் குறிபோலத் தைக்கும் அதில் துணியின் கட்டம் எண்ண வேண்டும். மாம்பலத்தில் கூட்டம் ஏறும், "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று ஒருவர் சொன்னதும் கணக்கு போய்விடும். ஒரு கட்டம் தப்பினால் அடுத்தடுத்த வரிசையும் தப்பு. நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிற தையல்தான் ரயிலுக்கு.

பழைய காட்டன் புடவையை இரண்டு மடிப்பாக வைத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் ஓடுதையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தா வேலைக்கு அடிப்படை இதுதான். கையகலச் சதுரங்களாகத் தைத்துச் சேர்த்தால் குழந்தைக்குப் போர்வை. நூலைப் பூ அளப்பதுபோல ஒரு முழம் மட்டும் எடுங்கள். அதற்கு மேல் போனால் இழுக்கும்போது முழங்கை பக்கத்தில் இருப்பவரை இடிக்கும், நூலும் சிக்கிக்கொள்ளும்.

துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையம் மாட்டாமல் தைத்தால் துணி சுருங்காதா?

நூலை இறுக்கி இழுத்தால் சுருங்கும். பத்துத் தையலுக்கு ஒருமுறை கட்டை விரலால் நீவிவிடுங்கள். நீலகிரித் தோடர் பெண்கள் வளையமே இல்லாமல், துணியின் இழைகளை விரலால் எண்ணியே சிவப்பும் கறுப்புமாக அந்த அழகான வேலையைச் செய்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது.

பக்கத்தில் குழந்தைகள் உட்காரும்போது பயமாக இருக்கிறது. ஊசி விழுந்தால்?

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்க வேண்டும். ஒருமுறை சைதாப்பேட்டையில் வண்டி குலுங்கி நின்றபோது என் கையிலிருந்த ஊசி நழுவிவிட்டது. எதிர் சீட்டில் செருப்பில்லாமல் ஒரு பிள்ளை. செல்போன் வெளிச்சத்தில் தரை முழுக்கத் தேடினேன், வியர்த்துவிட்டது. கடைசியில் என் புடவைக் கொசுவத்திலேயே குத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மூன்றே ஊசிதான். மூன்றிலும் சிவப்பு நூல் கோத்திருக்கும், விழுந்தாலும் கண்ணில் படும். மிட்டாய் டப்பா மூடிக்குள் சின்னக் காந்தம் ஒட்டி அதில் வைக்கிறேன். எடுக்கும்போது மூன்று, மூடும்போது மூன்று. ஸ்டேஷன் நெருங்கினால் ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவேன்.

விமானத்தில் கத்தரிக்கோல் கொண்டுபோகலாமா மேடம்?

செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். மீனம்பாக்கத்தில் சோதனை செய்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதனால் ஊசியும் விலை குறைந்ததாக இருக்கட்டும். நூலை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். 8 மீட்டர் நூல்கண்டு ஒன்றில் முழத் துண்டு 17 கிடைக்கும். அந்த நூலில் சேர்ந்திருக்கும் ஆறு இழையை இரண்டிரண்டாகப் பிரித்தால் 51 முறை ஊசி கோக்கலாம். டெல்லி போய் வரவே தாராளம்.

கை வியர்த்து வெள்ளைத் துணி அழுக்காகிறது.

நம்ம ஊர்ப் புழுக்கம் அப்படி. ஈரக் கைக்குட்டையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஊசியைத் துணியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் துருக்கறை விழும், அது லேசில் போகாது. கறுத்துப்போன ஊசியைத் தூக்கிப்போடுங்கள்.

ஆரி வேலை?

கொக்கி ஊசியால் போடும் அது வீட்டோடு. துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும், ஒரு கை மேலே, ஒரு கை கீழே.

திருவண்ணாமலை பஸ்ஸில் குனிந்து தைத்தால் தலை சுற்றுகிறது அக்கா.

ஊசியே வேண்டாம்மா, ஒரே கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷா எடுங்கள். பழகிவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விரல் பின்னும். கொக்கியை எடுக்கும்போது கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் இழுபட்டுப் பின்னியது பிரிந்துவிடும்.