ரிதம் கிட்டாரில் பெரிய கைகள் யார், ஏன்?

"சிறந்த ரிதம் கிட்டார் கலைஞர்கள் யார்? அவர்கள் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மெல்லிசைக் கச்சேரிகளில் பல வருடமாக ரிதம் வாசிப்பவன். பாட்டுக்குப் பின்னால் கார்டுகளைத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருப்பதுதான் ரிதம் வேலை. கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். கார்டை எப்போது அடிப்பது என்பதை யாரும் கொஞ்ச நாளில் பழகிவிடலாம். அடித்த கார்டை எப்போது நிறுத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும். நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ரிதம் கலைஞர்கள் பெரும்பாலும் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

முதல் பெயர் ஃபிரெடி கிரீன். அமெரிக்காவில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937-இல் சேர்ந்தார். நடுவில் பேஸி குழுவைச் சுருக்கிய கொஞ்ச காலத்தை விட்டுவிட்டால், 1987-இல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். ஐம்பது வருடத்தில் அவர் தனியாக வாசித்த சோலோக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் வேலை ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நான்கு பீட், பீட்டுக்கு ஒரு ஸ்ட்ரோக். அவ்வளவுதான்.

அந்த மேடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக ஊதுபவர்கள், கூடவே டிரம்ஸ். இவர் கையில் ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஒரு கிட்டார். கம்பிகளை ஃபிரெட்டிலிருந்து (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) நன்றாகத் தூக்கி வைத்திருப்பார், ஓங்கி அடித்தாலும் அதிர்ந்து கரகரக்காது. ஆனால் வெறும் பலத்தால் அந்தக் கூட்டத்தில் கேட்க வைக்க முடியாது. பிற்காலப் பதிவுகளைக் கூர்ந்து கேட்டவர்கள் கண்டுபிடித்தது இது: கை பிடிப்பது கார்டாக இருந்தாலும், பெரும்பாலும் ஒலிப்பது ஒன்றிரண்டு கம்பிகள்தான், முக்கியமாக நான்காவது கம்பி. மற்றவற்றை விரல்கள் தொட்டு அடக்கி வைத்திருக்கும். கீழ் சுரங்களில் பேஸ் வாத்தியம் இருக்கிறது, மேலே பியானோவும் ஊதுபவர்களும் இருக்கிறார்கள். நடுவில் காலியாக இருக்கும் அந்த இடத்தில் இவர் போய் உட்கார்ந்துகொண்டார். கார்டைப் பல இடங்களில் பீட்டுக்கு பீட் மாற்றுவார், அப்போது அந்த ஒற்றைச் சுரம் பேஸுக்குப் பக்கத்திலேயே நடந்துபோகும் இன்னொரு மெட்டாகிவிடும்.

இப்போது நிறுத்தும் விஷயம். கிட்டாரை எடுத்து மூன்றாவது ஃபிரெட்டில் ஜி மேஜர் பார் கார்ட் (ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கார்ட்) பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள். தட்டியவுடன் இடது கையின் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். விரல் கம்பியை விட்டு எழக்கூடாது. எழுந்தால் கம்பி தன்பாட்டுக்கு அதிரும், சத்தம் பிசிறும். தளர்ந்தபடி தொட்டுக்கொண்டே இருந்தால் ஒலி சட்டென்று அடங்கும். கிரீன் இதை ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் செய்தார், ஸ்ட்ரோக்கின் நீளத்தைப் பாட்டுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொண்டார். நீல் ஹெஃப்டி எழுதி 1957-இல் பேஸி குழு பதிவு செய்த 'லில் டார்லின்' கேளுங்கள். மிக மெதுவான பாட்டு. வேகமான பாட்டில் தாளம் தானாக இழுத்துக்கொண்டு போகும். இங்கே பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடக்கிறது, யார் அவசரப்பட்டாலும் உடனே தெரிந்துவிடும். முதல் தடவை கிட்டார் காதில் விழாமல் போகலாம். பேஸை மட்டும் பின்தொடருங்கள், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு 'சக்' வரும்.

அடுத்து ஜிம்மி நோலன். 1965-இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோடு சேர்ந்தவர். கம்பியை ஃபிரெட்டில் லேசாக அழுத்தி அந்தக் கணமே விட்டுவிடுவார், வலது கை பாலத்துக்கு (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ்) பக்கத்தில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சுரத்தைவிடக் கம்பி உரசும் சத்தம்தான் முன்னால் வரும். கோழி தரையைக் கீறுவது போல இருந்ததால் 'சிக்கன் ஸ்கிராட்ச்' என்றே பெயர் வந்தது. ஃபங்க் கிட்டாருக்கு அஸ்திவாரம் இவர் கைதான் என்பேன்.

அந்த வழியை டிஸ்கோவுக்குள் கொண்டுபோனவர்களில் எனக்குப் பிடித்தவர் ஷிக் குழுவின் நைல் ரோட்ஜர்ஸ். 1979-இல் வந்த 'குட் டைம்ஸ்', டேவிட் போவியின் 1983 பாட்டு 'லெட்ஸ் டான்ஸ்', 2013-இல் டாஃப்ட் பங்கின் 'கெட் லக்கி' எல்லாவற்றிலும் இவர் கை இருக்கிறது. அந்தச் 'சக்கிங்' முறையைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது குழுவின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்று அவரே சொல்லியிருக்கிறார். வலது கை ஒரு பாருக்குப் பதினாறு அசைவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நம் கணக்கில் சதுஸ்ர நடை. அதில் எது சுரமாக வர வேண்டும், எது வெறும் 'சிக்' ஆக வர வேண்டும் என்று முடிவு செய்வது இடது கை. 'கெட் லக்கி'யில் மொத்தமே நான்கு கார்டுதான், சுற்றிச் சுற்றி வரும். இருந்தும் அலுக்காததற்கு அந்த இடது கையின் முடிவுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் இந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டார். பல பாட்டுகளில் ஆறாவது கம்பியையே கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் ஜி-டி-ஜி-பி-டி என்று சுருதி சேர்த்து, திறந்த கம்பிகளை ஒலிக்க விட்டே வாசிப்பார். பிரேசிலின் ஜுவாவ் ஜில்பெர்டோ இன்னொரு உலகம். கட்டைவிரல் சம்பாவின் பெரிய டிரம் போல நிதானமாக நடக்கும், மற்ற விரல்கள் பீட்டுக்கு முன்னும் பின்னும் விழும். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கடைசியாக, ராக்கில் எனக்கு எல்லாருக்கும் மேலே நிற்பவர் மால்கம் யங். 1973-இல் சிட்னியில் தம்பி ஆங்கஸுடன் ஏசி/டிசி குழுவைத் தொடங்கியவர். தம்பி பள்ளிச் சீருடையில் மேடை முழுக்க ஓடுவார். அண்ணன் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நிற்பார், கோரஸ் பாட மட்டும் மைக்குக்கு வந்துவிட்டு மறுபடி பின்னால் போய்விடுவார். அவருடைய கிரெட்ச் கிட்டாரில் பாலத்துப் பக்கம் இருந்த பிக்கப்பைத் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) தவிர மற்றதை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். கம்பிகள் நல்ல தடிமன். பலர் நினைப்பதுபோல டிஸ்டார்ஷனை, அதாவது ஆம்ப்ளிஃபையர் தரும் கரகரப்பை, ஏற்றி வைத்தவர் கிடையாது. சத்தத்தைக் கையால் உண்டாக்கினார். டிஸ்டார்ஷன் அதிகமானால் நிறுத்திய பிறகும் கம்பி இரையும், விரல் பட்டாலே சீறும். அவர் நிறுத்தினால் உண்மையிலேயே நின்றது.

1980-இல் வந்த 'பேக் இன் பிளாக்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃபில் ஈ, டி, ஏ என்று மூன்றே கார்ட். ஈ ஒரு தட்டு, இடைவெளி, டி மூன்று தட்டு, இடைவெளி, ஏ மூன்று தட்டு. கிட்டார் கற்கும் பையன்கள் முதல் வாரத்திலேயே இதை வாசிப்பார்கள், கார்ட் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் இடைவெளியில் ஏதாவது முனகிக்கொண்டிருக்கும், டிரம்ஸுக்கு விட்ட இடம் அடைந்துவிடும். டிமென்ஷியா காரணமாக 2014-இல் மால்கம் குழுவை விட்டு விலகினார், 2017-இல் தன் 64-ஆம் வயதில் இறந்தார். இன்று அவர் இடத்தில் அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங் வாசிக்கிறார்.

நீங்கள் வாசிப்பவராக இருந்தால் இந்த ரிஃபையே டிரம்ஸ் இல்லாமல் வாசித்து ஃபோனில் பதிவு செய்து பாருங்கள். இடைவெளியை வாயால் எண்ணுங்கள். இங்கே ஈ கார்டில் திறந்த கம்பிகள் இருப்பதால், மேலே ஜி மேஜருக்குச் சொன்னதுபோல அழுத்தத்தைத் தளர்த்தினால் மட்டும் போதாது, ஆறாவது கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்தருகே வைக்க வேண்டும், அதே நேரத்தில் இடது கை விரல்களைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக விழும்வரை மெதுவாகவே வாசியுங்கள், வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.